வேரின் பெயரைச் சொல்லுங்கள்

'மண்வாசனை' என்னும் சொல்லுக்கு இலக்கிய விமரிசனத்திலிருந்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். ஓய்வுபெற்ற அச்சொல் இப்போது நன்னாரிப் புட்டியில் மறுநியமனம் பெற்றிருக்கிறது. கண்ணாடிப் புட்டி, கழுத்தில் சணல் கயிறு, பழுப்புத் தாளில் 'பாரம்பரியம்', 'பாட்டியின் கைப்பக்குவம்', 'சிறு அளவில் தயாரித்தது'. புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், தவளக்குப்பத்துக் கடைகளிலும் இவை வந்துவிட்டன. விலை, தள்ளுவண்டி சர்பத்தைப்போலப் பல மடங்கு. விலையோடு நமக்கு வழக்கில்லை. குடித்தவர்கள் எழுதுகிறார்களே, அதனோடுதான் வழக்கு. மூடியைத் திறந்ததும் பால்யம் மணந்ததாம். மணக்கட்டும். உள்ளே வேர் இருந்ததா?

இக்கேள்வி குதர்க்கமன்று. நன்னாரியின் மணத்துக்கு முதன்மைக் காரணம் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சிபென்சால்டிஹைடு என்னும் சேர்மம். வனிலாவுக்கு மணம் தரும் வனிலினில் எத்தனை அணுக்களோ இதிலும் அத்தனையே. அவை அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. மாகாளிக் கிழங்கின் மணத்துக்கும் இதே சேர்மந்தான் காரணம். நன்னாரி மெல்லிய கொடி. அதன் வேர் கம்பிபோல் ஒல்லியானது. மாகாளியோ பாறைப்பாங்கான காடுகளில் படர்வது. தயிரில் ஊறுகாய் போடுகிறார்களே, அந்தச் சதைப்பற்றுள்ள கிழங்கு. பருத்த கிழங்கு விரைவில் எடை சேரும். நன்னாரிக்கு மாற்றாக மாகாளி சர்பத்துக்குப் போவதைத் தாவரவியலார் பலமுறை பதிவுசெய்திருக்கிறார்கள். காட்டில் தோண்டித் தோண்டி மாகாளி அருகிவருவதும் அவர்கள் பதிவுசெய்ததே. ஆகவே, எந்த மூக்கை நம்பி நம்மவர் பால்யத்தை அடையாளம் காண்கிறார்களோ, அந்த மூக்கு இவ்வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியற்றது.

(நன்னாரியை 'நல் + நாறி' என்று பிரித்துவிடத் தமிழாசிரியர் எவருக்கும் கை பரபரக்கும். நாற்றம் என்பது முன்னாளில் நறுமணத்தைக் குறித்த சொல்லாயிற்றே. ஆனால் றகரமும் ரகரமும் வேறு வேறு எழுத்துகள். ஆசையை அடக்கிக்கொள்கிறோம்.)

அயல்நாட்டு வேர்ப்பானம் என்றால் இதே நண்பர்கள் மிகக் கறாரானவர்கள். அமெரிக்கரின் 'ரூட் பீர்' பெயரில்தான் பீர். வழக்கமாக அதில் மது கிடையாது. பிலடெல்பியாவின் மருந்துக்கடைக்காரர் சார்லஸ் ஹயர்ஸ் 1876ஆம் ஆண்டின் நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் அதைப் பரப்பினார். சாசஃப்ராஸ் வேர்ப்பட்டை அதன் உயிர். அதிலுள்ள சாஃப்ரோல் ஆய்வக விலங்குகளின் ஈரலில் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்து, 1960இல் அமெரிக்க அரசு அதை உணவில் சேர்க்கத் தடைவிதித்தது. பெரும்பாலான புட்டிகளில் வேர் வெளியேறியது. மணம் மட்டும் வேறு வழிகளில் தொடர்ந்தது. நம் நண்பர்கள் அதை ஒரு மிடறு குடித்துவிட்டு 'வலித்தைலம்' என்று முகம் சுளிக்கிறார்கள். சரியான தீர்ப்பே, விண்டர்கிரீன் எண்ணெயின் மீத்தைல் சாலிசிலேட் இரண்டிலும் உண்டு. அந்நியப் புட்டியிடம் இத்தனை கூர்மையாக இருக்கும் மூக்கு, நம் புட்டியைக் கண்டதும் ஏன் கண்ணீர் மல்க வேண்டும்?

சென்ற கோடையில் மூன்று புட்டிகளை வாங்கினோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நாட்டுமருந்துக் கடையில் நன்னாரி வேர் வாங்கி, கழுவி, நசுக்கி, நடுவிலுள்ள கட்டையை நீக்கி, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்தோம். கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். எல்லாவற்றையும் ஒரே இனிப்பளவுக்கு நீர் கலந்து வைத்தோம். எலுமிச்சை இல்லை, பனிக்கட்டி இல்லை. புளிப்பும் குளிரும் எந்தக் குறையையும் மறைத்துவிடும். ஊறல் நீரில் மணத்தின் பின்னே மெல்லிய கசப்பு, அதற்கும் பின்னே நாவின் ஓரங்களில் துவர்ப்பு. முதற் புட்டியில் மணம் வந்தது, பிறகு இனிப்பு வந்தது, பிறகும் இனிப்பே வந்தது. இரண்டாவது கன்னங்கரேலென்று இருந்தது. ஊறல் நீரோ இளம்பழுப்பு. அந்தக் கருமை கேரமல் நிறமியுடையது என்று சீட்டிலேயே பொடியெழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்றாவதன் அடியில் சிறிது வண்டல். இனிப்பு மிகுதிதான், ஆயினும் விழுங்கிய பின் துவர்ப்பு நின்றது. பேசத்தக்க பானம் அது ஒன்றே. அதன் சீட்டும் 'வேர்ச்சாறு' என்றதோடு வாய்மூடிக்கொண்டது. எந்த வேர்?

அறுசுவை என்று மேடைதோறும் முழங்குகிறோம். புட்டிப் பானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இனிப்பு ஒன்றே மிஞ்சுகிறது. துவர்ப்பைக் குறிப்பிடாமல் நன்னாரியைப் பாராட்டுவது, வட்டார வழக்குச் சொற்களை எண்ணிப் பார்த்துவிட்டு நாவலைப் பாராட்டுவதற்கு ஒப்பானது. அதையும் நாம் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

சட்டம் ஒன்றும் வாளாவிருக்கவில்லை. சேர்பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்கிறது நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. வாங்கிய மூன்றிலும் சர்க்கரையே முதலில் நின்றது. பாகில் அது இயல்பு, குற்றமில்லை. முகப்பில் வேரின் ஓவியத்தைப் பெரிதாகத் தீட்டியவர், பின்புறச் சீட்டில் அந்த வேரின் தாவரப் பெயரை எழுதுவதற்கு என்ன தடை? தவளக்குப்பத்துக்கு வடக்கே சற்றுத் தொலைவில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியிலிருந்து வந்த மட்கலத் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவரின் பெயர் முத்திரை இருந்தது. கடல் கடந்து வந்த கலம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் செய்தவனைச் சொல்கிறது. நம் புட்டியோ தன்னுள் இருக்கும் வேரைச் சொல்லக் கூசுகிறது.

தள்ளுவண்டிக்காரரை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். எசன்ஸ் ஊற்றினாலும் அவர் பாட்டியைச் சாட்சிக்கு இழுப்பதில்லை, பாரம்பரியத்துக்குத் தனிக்கட்டணம் வாங்குவதுமில்லை. சிறு தயாரிப்பாளரை இப்படி நெருக்கலாமா என்றும் கேட்பார்கள். நாம் கேட்பது ஒரே ஒரு வரி. நன்னாரி என்றால் நன்னாரி, மாகாளி என்றால் மாகாளி, எசன்ஸ் என்றால் எசன்ஸ். மாகாளி இழிந்ததன்று, நல்ல பானத்துக்கு உரிய கிழங்குதான். 'மாகாளி சர்பத்து' என்றே பெயரிட்டு ஒருவர் விற்றால் முதற் புட்டியை நாமே வாங்குவோம். கிழங்கு காட்டில் தோண்டியதா, தோட்டத்தில் பயிரிட்டதா என்பதையும் அவர் எழுதினால் இரண்டாவதையும் வாங்குவோம்.