பன்றிக்குப் பந்தி

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்தில், மான் வேட்டைக்கு வருகிறவர்களுக்காகவே நிலத்தைப் பராமரிக்கும் பண்ணைக்காரர்கள் உண்டு. மானுக்கென்று ஓட்ஸ் விதைக்கிறார்கள். மக்காச்சோளம் இறைக்க யந்திரம் வைக்கிறார்கள். மானுக்கு முன்னால் காட்டுப்பன்றி வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது! உடனே, "ஐயோ, பன்றி!" என்று ஓலம். பணம் கட்டினால் ஹெலிகாப்டரில் ஏறியே பன்றியைச் சுடலாம் என்று 2011-ல் சட்டமும் வழிவிட்டது.

எனக்கென்னவோ இது பித்தலாட்டமாகத்தான் படுகிறது. சுடுவதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கும்வரை பன்றி ஒழிய யாருக்கு மனம் வரும்? வேட்டைக்கென்றே பன்றியைக் கொண்டுவந்து அவிழ்த்துவிடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்களே!

மிஸௌரி மாகாணத்தார் 2016-ல் தங்கள் பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையையே தடுத்தார்கள். வெடிச் சத்தத்தில் கூட்டம் சிதறி நாலு ஊருக்குப் பரவுகிறது. கூட்டத்தோடு பட்டியில் அடைத்துத் தீர்க்க வேண்டும் என்றார்கள். வேட்டைக்காரர்களுக்குக் கோபம். கோபிக்கட்டும்! பன்றி கிளறிப் போடுவது அவர்கள் வயலையா? அடுத்த வீட்டுக் குடியானவன் வயலை அல்லவா?