கொள்ளுத்தாத்தாவின் முழங்காலுக்கு 30 சதவீதம்: பழைய ராணுவ பென்ஷன் காகிதத்தை ஏன் எடைக்குப் போடக் கூடாது?

போன கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி, திருவண்ணாமலை பக்கத்தில் இருக்கிற பாட்டி வீட்டில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தோம். ஒரு தகர டிரங்குப் பெட்டி. உள்ளே பழைய பித்தளை விளக்கு, ரெண்டு மெடல், பாலிதீன் கவரில் மடித்து வைத்த சில காகிதங்கள். பாட்டியின் அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் இருந்தவர். ஊரில் அவருக்குப் பெயரே 'மிலிட்டரிக்காரர்'தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாராம். 'ஜப்பான்காரன் சுட்ட குண்டு' என்று மூணு தலைமுறையாகச் சொல்லி வருகிறோம்.

காகிதத்தில் குண்டே இல்லை. லாரி கவிழ்ந்து இடது முழங்கால் முறிந்தது, பணியின்போது ஏற்பட்டது, இயலாமை 30 சதவீதம். அவ்வளவுதான்.

"இதை வெளியில சொல்லாத. குண்டுன்னே இருக்கட்டும்" என்றார் மாமா. பாட்டி அதைக் காதில் வாங்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் தமிழில் கோணல்மாணலாக இருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா எழுதி நான் பார்த்ததே இல்ல" என்றார்.

அந்தக் காகிதத்தை யாரும் வரலாறு எழுதுவதற்காக எழுதவில்லை. இந்த ஆளுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போட எழுதினார்கள். ஆனால், இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு, முன்னோர் ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு எழுத்தில் இருக்கிற ஒரே சாட்சி இதுதான். அதைக் காப்பாற்றுவதற்கு நம்மிடம் இருக்கிற விதிகள் சரியில்லை என்பதே என் கருத்து. ஏன் என்று பார்க்கலாம்.

டிஸபிலிட்டி பென்ஷன் என்றால் என்ன?

ராணுவப் பணியில் காயமோ நோயோ ஏற்பட்டு உடல் பாதிக்கப்பட்டவருக்குத் தரப்படும் ஓய்வூதியம் இது. பொதுவாக ரெண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஒன்று, பாதிப்பு பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா? இரண்டு, இயலாமை எத்தனை சதவீதம்? 20 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய விதிகளில் உள்ள அளவுகோல். ரெண்டையும் முடிவு செய்வது மருத்துவ வாரியம்.

'பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல' என்று வாரியம் எழுதிவிட்டால் விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இந்த ஒற்றை வரியை எதிர்த்துத்தான் பலர் இன்றும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு அலைகிறார்கள். தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. படையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் ஒரு நோய் குறிக்கப்படவில்லை என்றால், அவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. அதாவது, சேர்ந்த அன்றைக்கு எழுதப்பட்ட ஒரு பக்கம், பல வருஷம் கழித்து ஒரு குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கலாம்.

அந்தக் காகிதத்தில் என்னவெல்லாம் இருக்கும்?

ராணுவ எண், பதவி, படைப்பிரிவு, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம். தந்தை பெயர், ஊர், தாலுகா. உயரம், அடையாள மச்சம், தழும்பு. அடுத்த வாரிசு யார் என்பது. கைரேகை அல்லது கையெழுத்து. மருத்துவ வாரிய அறிக்கையும் கிடைத்தால், எங்கே அடிபட்டார், எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பது வரை தெரியவரும்.

இதன் மதிப்பு புரிய வேண்டுமானால் நம் ஊர்க் கோயில் சுவரைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்தவரின் பெயர், ஊர், ஆட்டின் எண்ணிக்கை வரை கல்லில் இருக்கிறது. கொடுக்க ஆடும் நிலமும் இருந்தவர்களுக்குக் கல்வெட்டு உண்டு, பட்டா உண்டு. ஒன்றுமே இல்லாதவர்கள்? பழைய வட ஆற்காடு மாவட்டம் ராணுவத்துக்குத் தொடர்ந்து ஆள் அனுப்பிய பகுதி. வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்கிறார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற படைகளில் சேர்ந்தவர்களில் நிலமில்லாத, தலித் குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளம். 'இன்னாரின் மகன் இன்னார், இந்த ஊர், இத்தனை உயரம்' என்று ஓர் அரசு அவர்களை எழுதி வைத்தது அநேகமாகப் படையில் சேர்ந்த அன்றைக்குத்தான்.

இறந்தவருக்குப் பட்டியல் உண்டு, திரும்பி வந்தவருக்கு?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். சுமார் 74,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அதிலும் எல்லாப் பெயரும் இல்லை. இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் வெள்ளை வீரர்களுக்குச் சமமாக நினைவுகூரவில்லை என்று 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்பது அந்த அறிக்கையின் கணக்கு.

சரி, இறந்தவர்களுக்காவது கேட்க ஓர் ஆணையம் இருக்கிறது. காலில் கட்டோடு ரயிலேறி ஊருக்கு வந்து, அடுத்த 40 வருஷம் கடலைக் கொல்லையில் உழைத்தவருக்கு? அவர் எந்த நினைவுச் சின்னத்திலும் இல்லை. பென்ஷன் கோப்பில் மட்டும்தான் இருக்கிறார்.

லண்டனில் நடந்த ஒரு தீ விபத்து

பென்ஷன் காகிதம் எவ்வளவு முக்கியம் என்று பிரிட்டன் கற்றுக்கொண்டது ஒரு விபத்தில்தான். 1940 செப்டம்பரில் ஜெர்மனி வீசிய குண்டில் லண்டனில் இருந்த போர்த் துறை ஆவணக் கிடங்கு எரிந்தது. முதல் உலகப் போர் சிப்பாய்களின் பணி ஆவணங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் சாம்பல். மிஞ்சியவற்றுக்கு 'எரிந்த ஆவணங்கள்' என்றே பெயர். ஆனால் ஓய்வூதியத் துறையிடம் தனியாக இருந்த சுமார் 7.5 லட்சம் பேரின் காகிதங்கள் தப்பின. பெரும்பாலும் காயத்தாலும் நோயாலும் வெளியேற்றப்பட்டவர்களுடையவை அவை. இன்றைக்கு அங்கே தாத்தாவைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

இன்னொன்றும் நடந்தது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய பென்ஷன் அட்டைகளை வைத்துக்கொள்ள பிரிட்டன் பாதுகாப்புத் துறைக்கு விருப்பமில்லை. 2012-ல் அவற்றைக் காப்பாற்றி எடுத்துக்கொண்டது வெஸ்டர்ன் ஃபிரன்ட் அசோசியேஷன் என்ற ஆர்வலர் அமைப்பு. இப்போது அவை இணையத்தில் கிடைக்கின்றன.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் பஞ்சாப் அரசு கிராமம் கிராமமாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 3,20,000 வீரர்களின் விவரம். பிரிட்டனில் இருக்கிற பஞ்சாபிகளின் ஒரு மரபு அமைப்பும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை 2021-ல் இணையத்தில் ஏற்றத் தொடங்கின. சீக்கியக் குடும்பங்கள் லண்டனில் உட்கார்ந்துகொண்டு கொள்ளுத்தாத்தாவின் கிராமத்தைத் தேடுகின்றன. ஆரணிக்காரரும் செங்கத்துக்காரரும் ஏன் அப்படித் தேட முடியக் கூடாது?

பென்ஷன் இல்லை என்றால் பெயரும் இல்லை

இப்போது சிக்கலுக்கு வருவோம். ராணுவ விதிகளின்படி, ஓய்வூதியம் பெறாமல் போனவரின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகள்தான் வைக்கப்படும். பிறகு அழித்துவிடலாம். 'லாங் ரோல்' எனப்படும் பெரிய பதிவேட்டில் அவரைப் பற்றிய சுருக்கமான குறிப்பு மட்டும் மிஞ்சும்.

யோசித்துப் பாருங்கள். ரெண்டு பேர் ஒரே லாரியில் போகிறார்கள், ஒரே விபத்தில் அடிபடுகிறார்கள். ஒருவருக்கு 30 சதவீதம், இன்னொருவருக்கு 15 சதவீதம். முதலாமவருக்குப் பணமும் கிடைத்தது, வாழ்க்கைக் குறிப்பும் மிஞ்சியது. இரண்டாமவருக்கு அன்று பணம் இல்லை. 25 வருஷம் கழித்து காகிதமும் இல்லை. அநியாயமாக மறுக்கப்பட்டிருந்தாலும், அதை நிரூபிக்க வேண்டிய காகிதம்தான் முதலில் அழிகிறது. பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களது மனைவியருக்கும் தமிழக அரசு மாதாந்திர நிதியுதவி தருகிறது. அதற்கும் முதலில் கேட்பது டிஸ்சார்ஜ் புத்தகத்தைத்தான்.

'எல்லாத்தையும் வெச்சுக்க இடம் எங்க இருக்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தரங்கம் பற்றிய கேள்வியும் நியாயம்தான். மருத்துவக் கோப்பில் மனநோயோ பால்வினை நோயோ எழுதியிருக்கலாம். ஆனால் இடப்பிரச்சினைக்கு ஸ்கேனர் இருக்கிறது. அந்தரங்கத்துக்குக் காலவரம்பு வைக்கலாம். அழிப்பது இந்த ரெண்டுக்கும் தீர்வு ஆகாது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், 1892-க்கு முந்தைய அரசு ஆவணங்களை, பயன்படாத அளவுக்குச் சிதைந்திருந்தால் தவிர, அழிக்கக் கூடாது என்கிறது. அந்தக் கோட்டை 1947-க்கு நகர்த்தினால் ரெண்டு உலகப் போர்களில் போனவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டு மிலிட்டரிக்காரரைத் தேடுவது எப்படி?

முதலில் வீடு. மெடலின் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போர் மெடல்களில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, பழைய மணியார்டர் துண்டு எதுவும் உதவும். ராணுவ எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, ஊர்ப் பெயர். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் உருவானது 1989-ல். அதற்கு முன்பு வட ஆற்காடு. 1911-க்கு முன்பு திருவண்ணாமலை தாலுகா இருந்தது தென் ஆற்காட்டில். வெள்ளைக்காரர் எழுத்தில் திருவண்ணாமலை 'திரினாமலி', வந்தவாசி 'வாண்டிவாஷ்', செங்கம் 'சங்கமா'. பெயரின் ஸ்பெல்லிங்கையும் நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பயனீர் கோருக்கும் பெங்களூருதான். மெட்ராஸ் காலாட்படையின் கடைசிப் பட்டாலியன் 1928-ல் கலைக்கப்பட்டு, 1941-ல்தான் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. இடையில் சேர்ந்தவர் சாப்பர்ஸில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். எங்கே எழுதுவது என்று தெரியாவிட்டால் திருவண்ணாமலையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

நான்காவது, பதில் வராவிட்டால் ஆர்.டி.ஐ. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். 20 ஆண்டுகளுக்கு முந்தைய விவரங்களைப் பெரும்பாலான விலக்குகளைக் காட்டி மறுக்க முடியாது என்கிறது அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு. அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். 'கோப்பு அழிக்கப்பட்டது' என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். லாங் ரோல் பதிவின் நகலைக் கேளுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மூணே மூணு விஷயம். அழிப்பதற்கு முன்பு, சேர்ந்த நாள் படிவத்தையும் மருத்துவ வாரிய அறிக்கையையுமாவது ஸ்கேன் செய்ய வேண்டும். 1947-க்கு முந்தைய லாங் ரோல்களை டிஜிட்டல் ஆக்கி, தேசிய ஆவணக் காப்பகத்திலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேடும்படி வைக்க வேண்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் வருஷத்தில் ஒரு நாள் முகாம் போட்டு, வீடுகளில் இருக்கிற காகிதங்களை ஸ்கேன் செய்து, அசலைக் குடும்பத்திடமே திருப்பித் தர வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது லாரியா, குண்டா என்ற சண்டை ஓய்ந்துவிட்டது. காகிதம் முழுக் கதையையும் சொல்லாது என்பதும் எனக்குப் புரிகிறது. 30 சதவீதம் முழங்காலுடன் அவர் எப்படி ஏர் பிடித்தார் என்பது அதில் இல்லை. அதைப் பாட்டிதான் சொன்னார். காகிதம் கிடைத்ததால்தான் நாங்கள் அதைக் கேட்டோம்.

பெட்டியில் இன்னும் நிறையக் காகிதம் இருந்ததாம். பத்து வருஷத்துக்கு முன்பு வீடு மாற்றும்போது எடைக்குப் போட்டுவிட்டார்கள். இந்த முறை வீடு சுத்தம் செய்யும்போது, பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். முதல் வேலையாக ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.