கழுத்தில் கட்டி, கண்ணில் வெண்மை

அன்னவாசலானாலும் சரி, மாம்பலமானாலும் சரி, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் போது கழுத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டால், "நெறி கட்டியிருக்கிறது, தானே வடிந்துவிடும்" என்பாள் பாட்டி. பெரும்பாலும் பாட்டி சொல்வது சரிதான். தொண்டைப் புண், சொத்தைப் பல், தலையில் சிரங்கு, எது வந்தாலும் குழந்தைகளுக்கு நெறி கட்டும்.

ஆனால், மூன்று வாரமாகியும் வடியவில்லையா? வலியே இல்லாமல் பெரிதாகிறதா? காறை எலும்புக்கு மேலே இருக்கிறதா? குழந்தை இளைக்கிறதா? இரவில் வேர்த்துக் கொட்டுகிறதா? அப்புறமும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுக் கொண்டிருக்கக் கூடாது. அது காச நோயாக இருக்கலாம். அபூர்வமாகப் புற்று நோயாகவும் இருக்கலாம். எது என்று தெரிய, கட்டியிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று தடுப்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். முறைப்படி செய்யும் சோதனையை விடத் தாமதம்தான் ஆபத்து.

கண்ணையும் கவனியுங்கள். கண்மணிக்குள் பூனைக் கண் போல வெண்மை மின்னினால், அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சும்மா இருப்பதும் கூடாது. ஐந்து வயதுக்குள் வரும் விழித்திரைப் புற்று நோய்க்கு இவை அடையாளமாக இருக்கலாம். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கண்ணுக்குள் பார்த்து நிச்சயிப்பார்கள். சிறியதாக இருக்கும் போதே கண்டால், உயிரோடு பார்வையையும் காப்பாற்றலாம். முற்றிவிட்டால், உயிருக்காகக் கண்ணையே எடுக்க நேரிடும்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தில் எடுத்த உறுதிதான் 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்று நோய் ஆஸ்பத்திரியாயிற்று. அவர் பிறந்த சீமையில், சித்தன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அன்னவாசல்காரர்களுக்கு அன்று அடையாறு எத்தனை தூரம்! இன்று புதுக்கோட்டையிலேயே, 2017 முதல், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலில் அங்கே காட்டலாம். கண்ணுக்கு மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரி உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்று நோய்ச் சிகிச்சைக்கும் உதவி கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. சில வகைக் கட்டிகள் முதல் ஊசிகளிலேயே கரைந்துவிடும். "குணமாகிவிட்டது" என்று ஊர் திரும்பி விடுகிறவர்கள் உண்டு. வேர் உள்ளே இருக்கும், மறுபடி தளிர்க்கும். பெண் குழந்தைக்கு முடி கொட்டுகிறதே என்றும் நிறுத்தி விடாதீர்கள். கொட்டிய முடி மறுபடி வளரும். டாக்டர் போதும் என்று சொல்லும் வரை சிகிச்சை நடக்கட்டும்.

ஊரில் இருக்கும் அக்கா தங்கைக்கு அடுத்த முறை பேசும் போது, இதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.