பீடாதிபதி தெரிவும் எமது பிள்ளைகளும்

ஊர்ச் சங்கத்திற்குத் தலைவர் தெரிவு என்றால் மண்டபம் நிறைந்துவிடும். பழைய மாணவர் சங்கத்தில் பொருளாளர் பதவிக்குப் போட்டி வந்துவிட்டால் மூன்று வாரங்களுக்குத் தொலைபேசி ஓயாது. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஆயின், எமது பிள்ளைகள் பயிலும் பல்கலைக்கழகத்திற்குப் புதிய பீடாதிபதி ஒருவரைத் தேடுகின்றார்கள் என்ற செய்தி எத்தனை வீடுகளில் பேசப்படுகின்றது?

பீடாதிபதி என்பவர் பட்டமளிப்பு விழாவில் அங்கி அணிந்து மேடையில் அமர்பவர் மட்டுமல்லர். எந்தத் துறையில் புதிய விரிவுரையாளரைச் சேர்ப்பது, எந்தப் பாடநெறியைத் தொடங்குவது, எதனை நிறுத்துவது, பணத்தை எங்கே செலவிடுவது என்பனவெல்லாம் அவரது மேசையைத் தாண்டியே செல்கின்றன. பல பல்கலைக்கழகங்களில், பரீட்சையில் தவறிய மாணவனின் முறையீடும் அவரது அலுவலகத்திற்கே வந்து சேர்கின்றது.

நாமறிந்த குடும்பம் ஒன்றில் இது நடந்தது. தந்தையார் நோயுற்று வைத்தியசாலையில் கிடந்த மாதங்களில், மூத்த மகன் இரவு வேலைக்குச் சென்று வீட்டு வாடகையைக் கட்டினான். இரண்டு பரீட்சைகளுக்கு அவனாற் போக முடியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து இடைநிறுத்தற் கடிதம் வந்தது. வைத்தியரின் கடிதத்தை இணைத்துப் பீடாதிபதி அலுவலகத்திற்கு முறையிடலாம் என்பது அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "பெரிய இடத்திலை போய் என்னத்தைக் கதைக்கிறது" என்று தாயார் தயங்கினார். தெரிய வந்தபோது காலக்கெடு கடந்திருந்தது. பிள்ளைக்கு ஓராண்டு வீணாயிற்று. அந்த அலுவலகத்தில் கருணையுள்ளவர் இருந்திருந்தாலும் கதவைத் தட்டாதவருக்கு அவர் என்ன செய்ய முடியும்?

எமது நாட்டு முறையையும் சிறிது நினைவுகூர்வோம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பீடாதிபதியைப் பீடச் சபையே வாக்களித்துத் தெரிவு செய்கின்றது. பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். துணைவேந்தரை நியமிப்பவரோ சனாதிபதி. பேரவை மூன்று பெயர்களை அனுப்பலாம், முடிவு கொழும்பினது. 1974இல் திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணத்திற்கும் இதுவே விதி. மேலிருந்து வரும் நியமனங்களுக்கு நடுவே, ஆசிரியர்கள் தம்முள் ஒருவரைத் தாமே தேர்ந்துகொள்ளும் இச்சிறிய உரிமை பெறுமதியானது.

ஏனெனில் கேளாமல் எடுக்கப்படும் முடிவின் கசப்பை நாம் அறிவோம். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலை எந்தப் பீடச் சபையும் விரும்பிக் கேட்டதில்லை. அது அரசாங்கத்தின் முடிவு. மருத்துவமும் பொறியியலும் கற்கத் தகுதி பெற்றிருந்த எத்தனையோ பிள்ளைகளின் வாழ்வு அதனால் திசை மாறிற்று. இன்று இப்பத்திரிகையை வாசிக்கும் பெரியோர் பலர் அதற்குச் சாட்சிகள்.

இங்கே கனடாவில் முறை வேறு. பீடாதிபதிக்குப் பொதுவாக வாக்கெடுப்பு இல்லை. தெரிவுக் குழு ஒன்று அமைக்கப்படும். பேராசிரியர்களோடு மாணவர் பிரதிநிதிகளும் அதில் இடம்பெறுவது வழக்கம். வெளியிலிருந்தும் விண்ணப்பங்கள் வரும். புதியவரிடம் எத்தகைய பண்புகளை எதிர்பார்க்கின்றீர்கள் என்று பல்கலைக்கழகச் சமூகத்திடம் கருத்தும் கேட்பார்கள். அக்கடிதம் எமது பிள்ளைகளின் மின்னஞ்சலுக்கும் வருகின்றது. அவர்களிற் பெரும்பாலோர் அதனைத் திறந்து பார்ப்பதில்லை என்றே அஞ்சுகின்றோம்.

இன்னுமொன்று. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழியல் இருக்கை அமைய 2018இல் முயற்சி தொடங்கியபோது, முப்பது இலட்சம் டொலர் இலக்கை எட்ட எமது மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். இருக்கைக்குப் பணம் கொடுப்பது எமது கையில் இருந்தது. ஆனால் அதனைச் சூழ எந்தப் பாடங்கள் வளரும், வேறு எத்தனை ஆசிரியர்கள் வருவர் என்பவை கல்வி நிருவாகத்தின் கையில் உள்ளன. அவ்வளாகத்தில் பீடாதிபதியே கல்விக்குப் பொறுப்பான துணை அதிபருமாவார். அப்பதவியில் யார் அமர்கின்றார் என்பதில் எமக்கு அக்கறை இல்லாமற் போகலாமா?

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. இன்றிரவு உணவு வேளையில் பிள்ளையிடம் கேளுங்கள்: உன் பீடாதிபதி யார்? அவரது அலுவலகம் எங்கே உள்ளது? முறையீட்டுக்குக் காலக்கெடு எவ்வளவு? புதியவரைத் தேடுகின்றார்களாயின், வேலை செய்துகொண்டே படிக்கும் மாணவரின் சிரமத்தை அறிந்தவர் வேண்டும் என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். மாணவர் பிரதிநிதியாக நிற்க விரும்பும் பிள்ளையை, "உனக்கேன் இந்த வீண்வேலை, படிப்பைப் பார்" என்று தடுக்காதீர்கள்.

ஒரு காலத்தில் எம்மைக் கேளாமலே எமது பிள்ளைகளின் கல்வியைத் தீர்மானித்தார்கள். இப்போது கேட்கின்றார்கள். நாம் மறுமொழி சொல்லப் பழகவேண்டும்.