மான்டிசெல்லோவுக்கு எந்த வழியாகப் போவது?

அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயத்தைத் திருப்பினால் குவிமாடமும் தூண்களும் கொண்ட ஒரு வீடு தெரியும். நடுவே இரண்டு ஆண்டுகள் நீங்கலாக 1938 முதல் அது அங்கே இருக்கிறது. மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே ஒரு குன்றின் உச்சியில் தாமே வரைந்து கட்டிய மான்டிசெல்லோ அது. வரும் இலையுதிர்காலத்தில் அங்கே போகலாம் என்று நண்பர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். போவதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் சர்ச்சை இல்லை. எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் சர்ச்சை.

வழக்கமான திட்டம் எளியது. காலையில் வாஷிங்டனிலிருந்து காரில் கிளம்பினால் இரண்டரை மணி நேரம். முன்பதிவு செய்த நேரத்தில் வழிகாட்டியுடன் வீட்டைச் சுற்றிப் பார்த்து, தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் முன் திரும்பிவிடலாம். இத்திட்டத்தைத்தான் நாங்கள் மறுக்கிறோம். வீட்டை மட்டும் பார்த்துத் திரும்புபவர், தாம் எதைப் பார்க்க வேண்டும் என்று ஜெஃபர்சன் விரும்பினாரோ அதை மட்டுமே பார்த்துவிட்டு வருகிறார் என்பது எங்கள் எண்ணம்.

வீட்டின் அழகை நாம் குறைத்துச் சொல்லவில்லை. முன்கூடத்தில் ஒரு பெரிய கடிகாரம். அதன் எடைக்குண்டுகள் இறங்க இறங்க, சுவரில் எழுதியுள்ள கிழமைகளைக் காட்டும். சுவரின் உயரம் போதாததால் தரையில் துளையிட்டுச் சனிக்கிழமையை நிலவறைக்கு அனுப்பிவிட்டார். 1814இல் ஆங்கிலேயர் வாஷிங்டனைக் கொளுத்தியபோது நாடாளுமன்ற நூலகமும் எரிந்தது. மறு ஆண்டு இவ்வீட்டிலிருந்து போன 6,487 நூல்களிலிருந்தே அது மீண்டும் எழுந்தது. புத்தகப் பித்துள்ள எவரும் அந்த அறையில் சற்று நேரம் நிற்காமல் நகர முடியாது.

ஆனால் உணவறைக்கு வாருங்கள். கணப்பின் பக்கவாட்டில் நிலவறையிலிருந்து மதுப்புட்டிகளை மேலே ஏற்றும் சிறு தூக்கி. அருகே தட்டுகள் அடுக்கிய, சுழலும் கதவு. விருந்தினர் வியந்த இந்தப் பொறிகளின் பயன் ஒன்றுதான்: உணவைக் கொண்டு வந்த கைகள் கண்ணில் படவேண்டியதில்லை. சமையலறையும் பணியிடங்களும் மேல்தளத்தின் அடியில், குன்றின் சரிவோடு சரிவாக மறைந்துள்ளன. இந்த வீட்டின் கட்டடக் கலையே ஒருவகையில் மறைக்கும் கலை.

மறைக்கப்பட்டவர்கள் சிலர் அல்லர். தம் வாழ்நாளில் ஜெஃபர்சன் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதரை உடைமையாக வைத்திருந்தார். வீட்டையொட்டிய மல்பெரி வரிசை என்னும் பாதையில் அவர்களுடைய குடிசைகளும் பட்டறைகளும் இருந்தன. 1794இல் தொடங்கிய ஆணிப் பட்டறையில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். அந்த வரிசையின் கொல்லர் ஜோசஃப் ஃபாஸெட். அவர் மனைவி எடித், குடியரசுத் தலைவர் மாளிகையில் பிரெஞ்சுச் சமையல் பழகி, பின் இங்கே தலைமைச் சமையற்காரராக இருந்தவர். 1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் ஏலம் நடந்தது. உயில்படி ஜோசஃபுக்கு விடுதலை கிடைக்கவிருந்தது. எடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டார்கள்.

'பழங்காலத்தவரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?' என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் காலத்து அளவுகோலே போதும். மனிதர் அனைவரும் சமம் என்று 1776இல் எழுதியவர் அவர். அடிமைமுறை தீங்கு என்று எழுதியவரும் அவரே. வாஷிங்டன் தமக்குச் சொந்தமான அடிமைகள் விடுதலை பெற உயிலில் வழி செய்தார். ஜெஃபர்சன் உயிலில் விடுவித்தது ஐவரை மட்டுமே. எழுத்தை எழுதியவரிடமிருந்து பிரித்து வாசிக்கலாம் என்று வாதிடும் இலக்கிய நண்பர்கள், அந்த வாதத்தை மல்பெரி வரிசையில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

அருங்காட்சியகமும் இதைப் படிப்படியாகவே ஏற்றது. 1923இல் வீட்டை வாங்கிய அறக்கட்டளை, அடிமைகளின் வழிவந்தோரிடம் வாய்மொழி வரலாறு சேகரிக்கத் தொடங்கியது 1993இல். சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சனே தந்தையாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு என்று அது அறிவித்தது, மரபணு ஆய்வுக்குப் பின், 2000இல். சாலிக்கென ஓர் அறை திறந்தது 2018இல்.

ஆகவே எங்கள் திட்டம் இது. வீட்டுக்கான நுழைவுச்சீட்டு பிற்பகலுக்கு. காலையில் முதலில் வாகன நிறுத்தத்தை ஒட்டியுள்ள அடிமைகளின் இடுகாடு. நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லறைகள், பெயர்கள் இல்லை. பிறகு பேருந்தில் மேலேறி மல்பெரி வரிசை, சமையலறை, சாலியின் அறை. அதன்பின் வீடு. இறங்கும்போது நடை, வழியில் ஜெஃபர்சனின் கல்லறை. தம் கல்லில் எவை இடம்பெற வேண்டும் என்று அவரே எழுதி வைத்தார்: விடுதலைப் பிரகடனம், மதச் சுதந்திரச் சட்டம், வர்ஜீனியா பல்கலைக்கழகம். குடியரசுத் தலைவர் பதவிக்குக்கூட அதில் இடமில்லை. அவர் விட்டுவைத்தவை எவை என்பதை, அதற்குள் நாம் பார்த்திருப்போம்.

எடித்தின் மகன் பீட்டர் பதினொரு வயதில் அந்த ஏலத்தில் விற்கப்பட்டவர். பின்னாளில் விடுதலை பெற்று, சின்சினாட்டி நகரில் போதகரானார். 1900இல், தம் இறுதிக்காலத்தில், மான்டிசெல்லோவை மீண்டும் காணப் புறப்பட்டார்; அந்தப் பயணத்துக்கு அவருடைய சபையினர் பொருள் திரட்டித் தந்தார்கள். நாங்கள் ஒரு நாளை முழுதாக ஒதுக்கியிருப்பது அவரை நினைத்துத்தான்.