‘அடுத்த வருஷம் கப் நமக்குத்தான்’: பீன்யா டீக்கடை வாதத்தில் கணக்கு எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு?

பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஏதாவது ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஷிஃப்ட் மாறும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி நாலும் கலந்து ஓடும். ஓசூர், தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து மெஷின் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களும், டிசைன் ஆபீஸ் ஐடி கார்டைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் இன்ஜினீயர்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றுதான் டீ குடிக்கிறார்கள். ஐபிஎல் ஏலம் முடிந்ததிலிருந்து பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது.

“போன சீசன்ல கடைசி இடம்தானே ப்ரோ நீங்க?”

“அதனாலதான் சொல்றேன். நாங்க விழுந்தா அடுத்த வருஷம் கப்போட வருவோம். ஹிஸ்டரி எடுத்துப் பாருங்க.”

“நாங்க சாம்பியன். இந்த வருஷமும் நம்துதான்.”

நீங்கள் பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழர் என்றால் இந்த உரையாடலில் ஏதாவது ஒரு பக்கம் நின்றிருப்பீர்கள். ரெண்டு பக்கமும் ‘ஹிஸ்டரி’யைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. சரி, அந்த ஹிஸ்டரியை நிஜமாகவே எடுத்துப் பார்த்துவிடுவோம்.

முதலில், 2025-ல் என்ன நடந்தது?

சிஎஸ்கே 14 மேட்சில் 4 வெற்றி, 8 புள்ளி, பத்தாவது இடம். ஐபிஎல் வரலாற்றில் சென்னை அணி கடைசி இடத்தில் முடித்தது அதுதான் முதல் முறை. கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் 5 மேட்சோடு வெளியேறினார். தோனி மறுபடியும் கேப்டன் ஆனார்.

ரசிகர்களுக்கு அதிகம் வலித்தது சேப்பாக்கம். 2024-ல் அங்கே 7 மேட்சில் 5 வெற்றி. 2025-ல் 6 மேட்சில் ஒன்றே ஒன்று. 2008-க்குப் பிறகு ஆர்சிபி முதல் முறையாக அங்கே ஜெயித்தது, 50 ரன் வித்தியாசத்தில். ஹைதராபாத் முதல் முறையாக அங்கே ஜெயித்தது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன். அதை அவர்கள் பத்தே முக்கால் ஓவர்கூட எடுக்காமல் அடித்து முடித்தார்கள்.

அதே சீசனில் ஆர்சிபி 18 வருஷக் காத்திருப்பை முடித்து, ஜூன் 3-ம் தேதி அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று கோப்பை வாங்கியது.

‘விழுந்தால் அடுத்த வருஷம் கப்’: இது உண்மையா?

சிஎஸ்கே ரசிகர்கள் காட்டும் பட்டியல் இது:

2020: 7-ம் இடம். 2021: கோப்பை.
2022: 9-ம் இடம். 2023: கோப்பை.

இங்கேதான் வாதத்தை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியையும் சேர்த்துப் படியுங்கள்:

2024: 5-ம் இடம், பிளே ஆஃப் இல்லை. 2025: 10-ம் இடம்.

அதாவது மூன்று முறை விழுந்ததில் இரண்டு முறை எழுந்தார்கள். மூன்றாவது முறை இன்னும் கீழே போனார்கள். ‘விதி’ போன வருஷமே உடைந்துவிட்டது. அதோடு, இரண்டு தடவை நடந்ததை வைத்து விதி எழுதவும் முடியாது. அமெரிக்க பேஸ்பாலில் ஒரு டீம் ஒரு சீசனில் 162 மேட்ச் ஆடும். ஒரு மேட்சில் அதிர்ஷ்டம் காலை வாரினாலும் மீதி 161 மேட்ச் அதைச் சமன் செய்துவிடும். ஐபிஎல் லீக் சுற்றில் 14 மேட்ச்தான். போன மே மாதம் சின்னசாமியில் சிஎஸ்கே ஆர்சிபியிடம் தோற்றது 2 ரன்னில். இப்படி ரெண்டு மேட்ச் திரும்பினாலே பாயின்ட்ஸ் டேபிள் வேற மாதிரி இருக்கும்.

அப்படியானால் 2021-ம் 2023-ம் வெறும் அதிர்ஷ்டமா?

இல்லை. அந்த இரண்டு வருஷங்களுக்கும் பொதுவாக இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, ஓப்பனிங் ஜோடி. 2021-ல் கெய்க்வாட் 635, ஃபாஃப் டு பிளெஸ்ஸி 633. மொத்தம் 1,268 ரன். 2023-ல் டெவான் கான்வே 672, கெய்க்வாட் 590. மொத்தம் 1,262. கிட்டத்தட்ட ஒரே எண். கோப்பை வராத 2024-ல் கெய்க்வாட் தனியாக 583 அடித்தார். ஆனால் மறுமுனையில் நிலையான ஆள் இல்லை. கான்வே காயம். ரச்சின் ரவீந்திரா 222, ரஹானே 242 என்று நின்றார்கள். 2025-ல் ரச்சின், திரிபாதி, கான்வே, ஷேக் ரஷீத், மாத்ரே என ஐந்து பேர் ஓப்பனிங் இறங்கிப் பார்த்தார்கள். யாரும் சீசன் முழுக்க நிலைக்கவில்லை. கெய்க்வாட் ஆடிய ஐந்து மேட்சில் எடுத்தது 122.

இன்னும் கவனியுங்கள். அந்த ஜோடிகள் கோப்பை வாங்கிய வருஷத்தில் திடீரென்று முளைக்கவில்லை. 2020-ன் கடைசி மூன்று மேட்சில் கெய்க்வாட் வரிசையாக மூன்று அரைசதம் அடித்தார், மூன்றிலும் சிஎஸ்கே ஜெயித்தது. 2022-ன் பின்பாதியில் கான்வே வரிசையாக மூன்று அரைசதம் அடித்தார். ஹைதராபாத்துக்கு எதிராக அவரும் கெய்க்வாட்டும் சேர்ந்து 182 ரன் பார்ட்னர்ஷிப் போட்டார்கள். மோசமான சீசனின் கடைசி வாரங்களிலேயே அடுத்த வருஷத்துக்கான விடை தெரிந்துவிட்டது. டேபிளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு, ஆட்களை மாற்றாதது. 2021 ஃபைனல் ஆடிய 11 பேரில் 9 பேர் 2020 அணியிலேயே இருந்தவர்கள். உத்தப்பாவும் மொயீன் அலியும் மட்டும் புதுசு. 2023 ஃபைனலில் இம்பாக்ட் பிளேயரையும் சேர்த்து 12 பேர். அதில் 11 பேர் 2022 அணியில் இருந்தவர்கள். ரஹானே மட்டும்தான் புதுவரவு, அதுவும் 50 லட்சத்துக்கு. தோற்ற டீமைக் கலைக்காமல் பொறுமையாக வைத்திருந்ததுதான் சிஎஸ்கேயின் கம்பேக் பாணி.

இந்த முறையும் அதே பாணியா?

நேர் எதிர். 2023 ஃபைனல் ஆடிய அந்த 12 பேரில் இப்போது அணியில் இருப்பவர்கள் மூன்று பேர்: கெய்க்வாட், ஷிவம் துபே, தோனி.

நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2023 ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்த ஜடேஜா! பதிரனாவை விட்டுவிட்டார்கள். கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. அஸ்வின் ஐபிஎல்-லிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார்.

டிசம்பர் 16-ம் தேதி அபுதாபி ஏலத்தில் நடந்தது இன்னும் பெரிய ஆச்சரியம். இந்தியாவுக்கு ஆடாத இரண்டு இளைஞர்கள், உத்தரப் பிரதேசத்தின் ஆல்ரவுண்டர் பிரஷாந்த் வீர், ராஜஸ்தானின் கீப்பர்-பேட்டர் கார்த்திக் சர்மா. ஆளுக்கு 14.20 கோடி. அன்கேப்டு வீரர்களுக்கு ஐபிஎல் கொடுத்த அதிகபட்ச விலை அதுதான். கையில் இருந்த 43.40 கோடியில் 28.40 கோடி இந்த இருவருக்கே போனது. 2018-ல் ‘டாடிஸ் ஆர்மி’ என்று கிண்டல் வாங்கி, அதே டீமை வைத்துக் கப் அடித்த நிர்வாகமா இது என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

‘ஹிஸ்டரி பாருங்க’ என்ற வாதத்தின் சிக்கலும் இதுதான். அந்த ஹிஸ்டரியை எழுதிய ஆட்களும் இல்லை, எழுதிய முறையும் இல்லை. இது புது கம்பெனி, பழைய போர்டு.

அப்போ சிஎஸ்கே ரசிகருக்கு நம்பிக்கையே இல்லையா?

இருக்கு. ஆனால் அவர் சொல்லும் காரணத்தால் அல்ல. அவர் சொல்லாத இரண்டு காரணங்களால்.

முதல் காரணம், கடைசி இடம் பிடித்த மற்ற டீம்களின் கதை. 2008-ல் கடைசியாக வந்த டெக்கான் சார்ஜர்ஸ் 2009-ல் கோப்பை வென்றது. அதற்குப் பிறகு எந்தக் கடைசி இடத்து டீமும் அடுத்த வருஷமே கோப்பை வாங்கியதில்லை. இது கெட்ட செய்தி. ஆனால் 10 டீம் ஆன பிறகு நடந்ததைப் பாருங்கள். 2022-ல் கடைசியாக வந்த மும்பை 2023-ல் பிளே ஆஃப் போனது. 2023-ல் கடைசியாக வந்த ஹைதராபாத் 2024-ல் ஃபைனலே ஆடியது. 2024-ல் கடைசியாக வந்த மும்பை 2025-ல் மறுபடி பிளே ஆஃப். மூன்றுக்கு மூன்று. மூன்றும் சின்ன எண்தான், ஆனால் இதற்குப் பின்னால் புரிந்துகொள்ளக்கூடிய காரணம் இருக்கிறது. கடைசியில் வந்த டீமுக்கு ஆட்களை விட்டுவிடத் தயக்கம் குறைவு. விட்டால் பர்ஸ் பெருசாகும். ஹைதராபாத் அப்படித்தான் கம்மின்ஸையும் ஹெட்டையும் ஒரே ஏலத்தில் பிடித்தது.

இரண்டாவது காரணம், 2025-ன் கடைசி வாரங்கள். ஆயுஷ் மாத்ரே பாதி சீசனில் வந்து 7 மேட்சில் 240 ரன் அடித்தார். அதில் ஆர்சிபிக்கு எதிராக 94. பிரெவிஸ் 6 மேட்சில் 225. கடைசி மேட்சில் குஜராத்தை 230 ரன் அடித்து 83 ரன்னில் ஜெயித்தார்கள். 2020, 2022 மாதிரியே கடைசியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஓப்பனிங் ஜோடியில் ஒரு பாதி கிடைத்திருக்கலாம். இன்னொரு பாதியைத்தான் சாம்சன் வடிவில் வாங்கியிருக்கிறார்கள். அவருக்கும் போன சீசன் காயம், 9 மேட்ச்தான் ஆடினார் என்பதையும் மறக்க வேண்டாம்.

பலவீனம் பவுலிங். 2023-ல் அதிக விக்கெட் எடுத்த மூவர் தேஷ்பாண்டே (21), ஜடேஜா (20), பதிரனா (19). மூவருமே இப்போது வேறு டீம். 2025-ல் 24 விக்கெட் எடுத்த நூர் அகமது இருக்கிறார். ராகுல் சஹர், அகீல் ஹோசைன் வந்திருக்கிறார்கள். ஸ்பின் ஓகே. கடைசி நாலு ஓவரை யார் போடுவார் என்ற கேள்விக்குத்தான் இன்னும் தெளிவான பதில் இல்லை.

ஆர்சிபி ரசிகரின் வாதம் எப்படி?

‘சாம்பியன், அதனால் மறுபடியும் நாங்கதான்’ என்பதும் பலவீனமான வாதம்தான். 2009 முதல் 2025 வரை 17 சீசன்களில், முந்தைய வருஷ சாம்பியன் கோப்பையைத் தக்கவைத்தது இரண்டே முறை: 2011-ல் சென்னை, 2020-ல் மும்பை. சதவீதத்தில் சுமார் 12. பத்து டீமில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலே 10 சதவீதம்.

அவர்களிடம் இதைவிட நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. 2025-ல் ஆர்சிபி லீக் சுற்றின் 7 வெளியூர் மேட்சையும் ஜெயித்தது. அதைச் செய்த முதல் டீம் அதுதான். சின்னசாமியிலோ முடிவு வந்த 5 மேட்சில் 3 தோல்வி. சொந்த மைதானத்தின் தயவில்லாமல் கோப்பை வாங்கினார்கள். சேப்பாக்கம் பிட்ச்சை நம்பியே டீம் கட்டிய சிஎஸ்கேவுக்கு இதில் பாடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கோப்பை வந்த மறுநாள், ஜூன் 4, சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். பீன்யாவிலிருந்து கிரீன் லைனில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கப்பன் பார்க்கில் இறங்கினால் அந்த இடம். நீங்களும் நானும் மேட்சுக்குப் போகும் அதே வழி. ‘கப் யாருக்கு’ என்று வாதம் செய்யும் நாம், ‘கேட் எத்தனை, கூட்டத்தை யார் பார்த்துக்கொள்வார்’ என்றும் அதே சத்தத்தில் கேட்க வேண்டும். அது எந்த ஜெர்சிக்கும் எதிரான கேள்வி இல்லை.

சீசன் தொடங்கியதும் எதைப் பார்க்கலாம்?

பாயின்ட்ஸ் டேபிளை முதல் மூன்று வாரம் மறந்துவிடுங்கள். சிஎஸ்கே ரசிகர் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். கெய்க்வாட், சாம்சன், மாத்ரே மூவரில் யார் ஓப்பனிங், அந்த ஜோடி முதல் ஐந்து மேட்சுக்கு மாறாமல் இருக்கிறதா? 14.20 கோடி இளைஞர்கள் இரண்டு மேட்ச் சொதப்பினால் மூன்றாவதில் இடம் கிடைக்கிறதா? 17-வது ஓவரில் பந்து யார் கையில்?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் பிளே ஆஃப் பற்றித் தைரியமாகப் பேசலாம். வரவில்லை என்றால், 44 வயது தோனி எட்டாவது இடத்தில் இறங்கி இரண்டு சிக்ஸ் அடிப்பதை விசிலடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதிலும் தப்பில்லை. டிக்கெட் வாங்கிய பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள்.

நாளைக்கு டீக்கடையில் யாராவது “ஹிஸ்டரி பாருங்க” என்று ஆரம்பித்தால், “எந்த வருஷம் வரைக்கும் ப்ரோ?” என்று மட்டும் கேளுங்கள்.