லாக்கப்பில் தம்பி, கையில் மூன்று கேள்விகள்

இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வந்தேன். கைப்பேசியில் ஒன்பது அழைப்புகள். ஒன்பதும் சின்னம்மாவிடமிருந்து. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அவர், பத்து மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறவர்.

"பாப்பா, தம்பிய மாத்தா புடிச்சிட்டுப் போயிட்டாங்கம்மா. குலை திருடிட்டான்னு சொல்றாங்க."

தம்பிக்கு வயது 20. செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் கூட்டாளியோடு போயிருக்கிறான். அவன் செய்தானா, செய்யவில்லையா என்று இந்தப் பக்கத்தில் நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. அந்த இரவில் நாங்கள் எப்படித் தடுமாறினோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நாளை உங்கள் வீட்டுத் தொலைபேசியும் அப்படி அலறலாம்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு 'உதவிக்காரர்' வந்துவிட்டார். சாப்பாட்டுக் கடையில் பழக்கமான ஆளாம். "மூவாயிரம் வெள்ளி கொடுங்க, காலையில பையன் வீட்டுல இருப்பான்" என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா அடகு வைப்பதற்குச் சங்கிலியைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார்.

முன்பு என் நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஒரு பெண் வழக்கறிஞரை அழைத்தேன். அவர் மூன்றே கேள்விகள்தான் கேட்டார். எந்த நிலையம்? விசாரணை அதிகாரி யார்? எந்தச் சட்டப் பிரிவு? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பத்து வருடமாகக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். என் தம்பிக்காக ஒரு கேள்வியும் கேட்கத் தோன்றவில்லை.

"அந்த ஆளிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்" என்றார் அவர். "நாளைக் காலையில் யாரும் ஜாமீன் வாங்கித் தர முடியாது. முதலில் ரிமாண்ட்."

நம்மில் பலர் குழம்புவது இங்கேதான். கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு, கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும் உரிமையையும் தருகிறது. சில சூழ்நிலைகளில் போலீஸ் இதற்கு விலக்குக் கோரலாம். ஆனாலும் கேட்பது நம் உரிமை.

விசாரணைக்கு இன்னும் நாள் தேவை என்றால் போலீஸ் 117ஆவது பிரிவின் கீழ் ரிமாண்ட் கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்கு முதல் முறை அதிகபட்சம் நான்கு நாள், இரண்டாம் முறை மூன்று நாள். அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு ஏழும் ஏழும். திருட்டுக்கான 379ஆவது பிரிவு முதல் வகையில் வருகிறது. ரிமாண்ட் விசாரணையிலேயே வழக்கறிஞர் பேசலாம், நாள்களைக் குறைக்கக் கேட்கலாம். குற்றம் சாட்டிய பிறகுதான் லாயர் என்று காத்திருந்தால் இந்த வாய்ப்பு போய்விடும்.

அந்த வழக்கறிஞர் பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவர். "கோலசிலாங்கூர் நீதிமன்றத்துக்கு அடிக்கடி போகிற ஒருவரைப் பாருங்கள். வழியும் தெரியும், பதிவகத்தின் நேரமும் தெரியும், உங்களுக்குப் பயணச் செலவும் மிச்சம்" என்று ஒரு பெயரைச் சொன்னார். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடி, தொழில் செய்ய உரிமை உள்ளவர்தான் என்று உறுதி செய்துகொண்டேன். ரிமாண்டுக்கு எவ்வளவு, ஜாமீனுக்கு எவ்வளவு, முழு வழக்குக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டேன், ரசீதும் வாங்கினேன். சாப்பாட்டுக் கடை ஆள் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சிரித்தே மழுப்பினாராம்.

பணமே இல்லாதவர்கள் என்ன செய்வது? 2012 முதல் இயங்கிவரும் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் குற்றவியல் வழக்குகளில் குடிமக்களுக்கு வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. மலாய்ச் சுருக்கத்தில் ஒய்பிஜிகே என்று கேளுங்கள். முழு வழக்கு விசாரணைக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். நம் தோட்டங்களில் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்கள் உண்டு. அவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

போலீஸ் நான்கு நாள் கேட்டது. மாஜிஸ்திரேட் மூன்று நாள் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை தம்பியைக் குற்றம் சாட்டினார்கள். ஜாமீன் பேச்சு அப்போதுதான் வந்தது.

சில குற்றங்களுக்கு 387ஆவது பிரிவின்படி ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். திருட்டு அப்படியல்ல. 388ஆவது பிரிவின்படி கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் முடிவு. பையனுக்கு முன்குற்றம் இல்லை, பெற்றோரோடு நிலையான முகவரியில் இருக்கிறான், ஓடிப்போக மாட்டான் என்று எங்கள் வழக்கறிஞர் வாதாடினார். அரசுத் தரப்பு 5,000 வெள்ளி கேட்டது. 2,500 வெள்ளி, ஒரு நபர் உத்தரவாதம் என்று முடிவானது. தொகை மிக அதிகம் என்று தோன்றினால் குறைக்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தை நாடலாம். ஜாமீன் என்பது தண்டனை அல்ல, வழக்குக்கு வந்து நிற்பான் என்பதற்கான உறுதி மட்டுமே.

கையெழுத்துப் போட்டது நான். பதிவகத்தில் கடிதம் வாங்கி, வங்கிக்கு ஓடிக் கணக்குத் திறந்து, பணத்தைக் கட்டி, புத்தகத்தைத் திரும்ப ஒப்படைத்தபோது மணி நாலாகப் போகிறது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அவன் இரவு சிறைச்சாலையில்தான். அதனால் குற்றம் சாட்டும் நாளில் அடையாளக் கார்டும் பணமுமாகக் காலையிலேயே போய்விடுங்கள். அவன் ஒழுங்காக வந்து நின்றால் வழக்கு முடிந்ததும் பணம் திரும்பிவிடும். வராமல் போனால் உத்தரவாதம் கொடுத்தவரின் பணம் பறிபோகலாம்.

எல்லா வழக்கிலும் இந்த வழி திறந்திருப்பதில்லை. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சொல்லி 12 பேரைச் சொஸ்மா சட்டத்தின் கீழ் பிடித்தபோது, அந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவு ஜாமீனுக்குக் கதவை அடைத்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அப்படியும் 2020 பிப்ரவரியில் அரசுத் தரப்பு குற்றச்சாட்டுகளைக் கைவிடும்வரை அவர்களின் குடும்பங்கள் காத்துக்கிடந்தன.

இன்னும் பின்னால் போனால் 1941. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேசிய ஆர்.எச். நாதனை அந்த ஆண்டு மே மாதம் பிரிட்டிஷார் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் தோட்டங்களில் பரவியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்திவிட்டார்கள். ஜாமீன் கேட்க அவருக்கு ஒரு நீதிமன்றம் கூட இல்லை. நமக்கு இருக்கிறது. அதன் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சங்கிலியை அடகு வைப்பதுதான் வருத்தம்.

தம்பியின் வழக்கு அடுத்த மாதம் மீண்டும் வருகிறது. சின்னம்மா சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் சுற்றி வைத்திருக்கிறார். அதன் ஓரத்தில் என்னையே எழுதச் சொன்னார்: எந்த நிலையம்? விசாரணை அதிகாரி யார்? எந்தப் பிரிவு?

"எதுக்கு சின்னம்மா, அதான் தம்பி வந்துட்டானே?" என்றேன்.

"பக்கத்து வீட்டுல ரெண்டு பசங்க இருக்காங்கம்மா" என்றார்.